நிறங்களை எண்ணிய வரலாறு



கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதை 1880ஆம் ஆண்டிலே திறந்துவைக்கப்பட்டது. அப்பாதையில், மாத்தளையை அடைவதற்குச் சற்று முன்னதாக வருவது உக்குவளை. மிளகும் கராம்பும் ஏலமும் கறுவாவும் செழித்து வளரும் வாசனைப் பொருட் பூமி அது. அவ்வூர்த் தோட்டமொன்றில் முற்றிப் பழுத்த சாதிக்காய் ஒன்றைக் கையில் எடுத்து நோக்குங்கள். வெளித்தோல் இளமஞ்சள். அது தானாகவே வெடித்துப் பிளந்தால் உள்ளே வலை பின்னியதுபோல் ஒளிரும் சாதிபத்திரி செக்கச் சிவந்திருக்கும். வசுவாசி என்று நம்மவர் வழங்குவதும் அதனையே. அந்தச் செவ்வலையின் கீழே பளபளப்பான கரும்பழுப்பு நிற வித்து இருக்கும். ‘இக்காயில் எத்தனை நிறம்?’ என்று தோட்டக்காரரைக் கேட்டால், அவர் தயங்காது ‘மூன்று’ என்பார்.

அக்காயையே கைத்தொலைபேசியால் படம்பிடித்து, அப்படத்திலே வெவ்வேறான நிறங்கள் எத்தனை உள்ளன என்று எண்ணுமாறு கணினிக்கு ஒரு செய்நிரல் எழுதிக் கொடுத்தால், விடை பல்லாயிரமாக இருக்கும். இலட்சத்தைத் தாண்டினும் வியப்பில்லை. காய் ஒன்று, காண்பதும் ஒரே காட்சி. தோட்டக்காரரின் மூன்று சரியோ, கணினியின் இலட்சம் சரியோ? இந்த வினாவுக்கு நெடிய வரலாறு உண்டு. அதனைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் மாத்தளை மாவட்டத்தின் கைவினைஞர்களிடமிருந்தே தொடங்குவோம். ஹப்புவிட என்னும் ஊரிலே வழிவழியாக அரக்கு வேலை செய்து வருவோர் உளர். அரக்கை வெம்மையில் இளக்கி நூல்போல் இழுத்து, மரப்பிடிகளின் மீதும் பேழைகளின் மீதும் ஒட்டி, நகத்தினாலே நறுக்கிச் சித்திரம் சமைப்பது அவர்தம் முறை. நகவேலை என்று அதற்குப் பெயர். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என நான்கே நிறங்கள் அவ்வேலைக்கு மரபாக அமைந்தவை. பழைய நாளில் சிவப்புக்குச் சாதிலிங்கத்தையும் மஞ்சளுக்கு அரிதாரத்தையும் அரக்குடன் சேர்த்துப் பிசைந்தனர். இந்நாட்டுக் கைவினைகளையெல்லாம் ஊரூராகச் சென்று கண்டு, 1908ஆம் ஆண்டிலே ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூலாக ஆங்கிலத்தில் வெளியிட்டவர், கொழும்பிலே பிறந்த தமிழர் சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தரான கலாயோகி ஆனந்தக் குமாரசுவாமி ஆவர். கைவினைஞன் நிறத்தை எண்ணும் முறை எளியது. தான் எத்தனை உருண்டை அரக்கைப் பிசைந்தானோ அத்தனையே நிறம். வெயிலிலே பேழை மின்னும்போது தோன்றும் நூறு சாயல்களை அவன் தன் கணக்கிலே சேர்ப்பதில்லை. அவன் எண்ணுவது பொருளையேயன்றித் தோற்றத்தை அன்று.

பெயரினாலே எண்ணியவர்கள் நம் தருக்க நூலார். பதினேழாம் நூற்றாண்டினரான அன்னம்பட்டர் இயற்றிய தருக்க சங்கிரகம், நெடுங்காலமாக வடமொழி பயில்வோர்க்கு முதற்பாடமாக விளங்கி வருவது. அந்நூல் நிறம் ஏழு என வகுக்கிறது: வெண்மை, நீலம், மஞ்சள், செம்மை, பச்சை, கபிலம், சித்திரம். முதல் ஆறும் நமக்கு விளங்குகின்றன. ஏழாவதாகிய சித்திரம் யாது? பல நிறம் கலந்த தோற்றமே அது. நீல நூலும் மஞ்சள் நூலும் ஊடும் பாவுமாக நெய்த ஆடை ஒன்று உளதெனக் கொள்வோம். ஆடை ஒரே பொருள். ஒரு பொருளுக்கு முழுதும் பரந்த ஒரு நிறம் இருத்தல் வேண்டும். அது நீலமும் அன்று, மஞ்சளும் அன்று. ஆகவே சித்திரம் என்னும் தனி நிறம் ஒன்றுண்டு என்றனர் ஒரு சாரார். அங்ஙனம் தனி நிறம் ஒன்றைக் கற்பிப்பது மிகை. அந்தந்த இடத்தில் அந்தந்த நிறமே உளது என மறுத்தனர் பிற்காலத்துப் புதிய நியாய நூலார் சிலர். ஆடையை ஒன்றாக எண்ணுவதா, இழையிழையாகப் பிரித்து எண்ணுவதா என்பதே வழக்கு. இன்று கணினியின் முன் அமர்ந்து படத்தின் நிறங்களை எண்ணுவோர்க்கும் இதே வழக்கு வேறு உருவிலே வந்து நிற்பதைப் பின்னர்க் காண்போம்.

மேனாட்டிலும் ஏழு என்னும் தொகையே நிலைபெற்றது. ஐசாக் நியூற்றன் பட்டகத்தின் வழியே ஞாயிற்றொளியைச் செலுத்தி, அது பல நிறமாக விரிவதைக் கண்டார். முதலில் ஐந்து நிறங்களைக் கூறிய அவர், பின்னர்ச் செம்மஞ்சளையும் கருநீலத்தையும் சேர்த்து ஏழாக்கினார். இசையின் ஏழு சுரங்களோடு அவற்றைப் பொருத்திக் காட்டினார். 1704ஆம் ஆண்டிலே வெளிவந்த அவரது ஒளியியல் நூலால் ஏழு நிறக் கணக்கு உலகெங்கும் பரவிற்று. ஆயினும், அப்பட்டையிலே ஓர் நிறம் முடிந்து மற்றொன்று தொடங்கும் எல்லைக்கோடு எதுவும் இல்லை. கோடு கிழித்தது மனிதனே.

நிறத்தைப் பெயரால் அன்றி எண்ணாலே குறிக்கலாம் என்னும் எண்ணம் உருப்பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான். மனிதக் கண் மூவகை உணர்ச்சிகளைக் கொண்டே எல்லா நிறங்களையும் அறிகின்றது என்று 1802இல் தோமஸ் யங் கருத்துரைத்தார். அதனைச் செய்து காட்டியவர் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல். 1861ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள் இலண்டன் றோயல் நிறுவனத்திலே அவர் ஓர் விந்தை புரிந்தார். பல நிறக் கோடுகள் கொண்ட நாடா ஒன்றினை, தோமஸ் சட்டன் என்னும் நிழற்படக் கலைஞரைக் கொண்டு செந்நிற, பச்சை, நீல வடிகட்டிகளினூடே தனித்தனியாகப் படம்பிடிப்பித்தார். பின்பு அம்மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களையும் அதே நிற ஒளிகளால் திரையிலே ஒன்றன்மேல் ஒன்றாக விழச்செய்தார். நாடா தன் நிறங்களோடு திரையில் தோன்றிற்று. நம் தருக்க நூலார் பல நிற ஆடையை எடுத்துக்கொண்டதுபோல, அவரும் பல நிற நாடாவையே எடுத்துக்கொண்டமை நோக்கத்தக்கது.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. அக்காலத்து நிழற்படத் தகடுகள் செந்நிற ஒளியை உணரவல்லன அல்ல. அங்ஙனமாயின் சிவப்பு எவ்வாறு பதிந்தது? நூறு ஆண்டுகள் கழிந்து, 1961இலே எவன்ஸ் என்னும் அறிஞர் விடை கண்டார். நாடாவின் சிவப்புத் துணி கண்ணுக்குப் புலனாகாத புறவூதா ஒளியையும் எறிந்தது. அவ்வொளி செந்நிற வடிகட்டியையும் கடந்து தகட்டிலே பதிந்தது. கருவி கண்டதாக நாம் நம்பியது வேறு, அது உண்மையில் கண்டது வேறு. கருவி தரும் கணக்கை ஏற்குமுன், அக்கருவி எதனைக் கண்டது என்று கேட்டல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இனிக் கணினிக்கு வருவோம். 1957ஆம் ஆண்டிலே, அமெரிக்க நாட்டுத் தேசிய நியமங்கள் பணியகத்தைச் சார்ந்த ரசல் கேர்ஷ் என்பார், பிறந்து மூன்று மாதமான தம் மைந்தனின் நிழற்படத்தைச் சுழலும் உருளையொன்றிலே பொருத்தி, அதனைப் புள்ளி புள்ளியாகக் கணினிக்குள் செலுத்தினார். பக்கத்துக்கு 176 புள்ளியாக, மொத்தம் 30,976 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை, இடைப்பட்டது இல்லை. கணினிக்குள் முதன்முதலாக நுழைந்த அப்படத்திலே நிறங்களை எண்ணுவது எளிதினும் எளிது: இரண்டே.

இன்றைய படங்களிலே ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள் உண்டு. மக்ஸ்வெல்லின் மூன்று வடிகட்டிகளும் இங்கே மூன்று எண்களாயின. சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்பதை ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணாலே குறிக்கும். 256ஐ மும்முறை பெருக்கினால் 1,67,77,216 வருகின்றது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட நிறங்களைக் குறிக்கவல்ல முறை இது.

இவற்றுள் எவை எவை ஒரு படத்தில் இடம்பெற்றன என்று செய்நிரல் எவ்வாறு கண்டறிகிறது? மலைநாட்டு நேயர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் செக்றோலை நினைந்து பாருங்கள். கொழுந்து பறிக்கும் பெண் காலை, மதியம், மாலை என மும்முறை தராசடிக்கு வந்தாலும், அன்றைக்கு அவளுக்குப் பேர் ஒன்றுதான். வந்தார் எத்தனை பேர் என்று அறிய விரும்புவோர், தராசடிக்கு எத்தனை முறை கூடை வந்தது என்று எண்ணார். பேர் விழுந்த கட்டங்களையே எண்ணுவர்.

கணினியும் அதையே செய்கின்றது. முதலில் மூன்று எண்களையும் ஓர் எண்ணாக்கும். சிவப்பை 65,536ஆலும் பச்சையை 256ஆலும் பெருக்கி, நீலத்தோடு கூட்டினால் ஒவ்வொரு நிறத்துக்கும் பிறிதொன்றோடு மயங்காத தனியெண் கிடைக்கும். சிவப்பு 200, பச்சை 30, நீலம் 40 ஆகிய நிறத்தின் தனியெண் 1,31,14,920. பின்னர், 1,67,77,216 வெற்றுக் கட்டங்கள் கொண்ட பேரேடு ஒன்றினைக் கணினி தன் நினைவகத்தில் விரிக்கும். புள்ளி ஒவ்வொன்றையும் நோக்கி, அதன் தனியெண்ணுக்குரிய கட்டத்தில் அடையாளமிடும். முன்னரே அடையாளம் இருப்பின் வாளா கடந்து செல்லும். ஈற்றில் அடையாளம் விழுந்த கட்டங்களின் தொகையே விடை. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆம், இல்லை என்னும் ஓர் இரும இலக்கமே போதுமாதலால், இப்பேரேடு முழுவதும் 20,97,152 பைட்டுகளுள் அடங்கிவிடும். பேரேடு வேண்டாதார், எல்லாத் தனியெண்களையும் ஏறுவரிசையில் அடுக்கி, எண் மாறும் இடங்களை மட்டும் எண்ணி, அத்தொகையோடு ஒன்றைக் கூட்டியும் அதே விடையைப் பெறலாம்.

விடைக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் நினைவிற் கொள்க. அகலம் 4,000, உயரம் 3,000 புள்ளி கொண்ட படத்திலே புள்ளிகளே ஒரு கோடியே இருபது இலட்சந்தான். ஒவ்வொரு புள்ளியும் வேறு வேறு நிறமாயினும் அதற்கு மேற்பட்ட நிறம் அதில் இருத்தல் இயலாது. பக்கத்துக்கு 4,096 புள்ளி கொண்ட சதுரப் படம் ஒன்றிலேதான் எல்லா நிறங்களும் தலைக்கு ஒரு புள்ளியாக மிச்சமின்றி அமரக்கூடும்.

கணக்கிலே பிழை இல்லை. ஆயின், எண்ணப்பட்டது சாதிக்காயின் நிறந்தானோ? இங்கேதான் கவனம் வேண்டும். முதலாவதாக, படக்கருவியின் உணர்பரப்பிலே உள்ள ஒவ்வொரு நுண்கலமும் மூன்று நிறங்களையும் காண்பதில்லை, ஒன்றையே காண்கிறது. பிறைஸ் பேயர் என்பார் வகுத்து 1976இலே காப்புரிமை பெற்ற அமைப்பின்படி, கலங்களிற் பாதி பச்சையையும், காற்பங்கு சிவப்பையும், காற்பங்கு நீலத்தையும் காண்கின்றன. ஒவ்வொரு புள்ளியிலும் எஞ்சிய இரண்டு எண்களும் அயலிலுள்ள கலங்களை நோக்கிக் கணித்து இடப்படுவன. ஆகவே படத்திலுள்ள எண்களில் மூன்றில் இரண்டு பங்கு கண்டவை அல்ல, ஊகித்தவை. இரண்டாவதாக, படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் முறை, மூலத்தில் இல்லாத அண்டை நிறங்களைத் தானே தோற்றுவிக்கும். மூன்றாவதாக, மேகம் ஒன்று ஞாயிற்றை மறைத்தாலும் எண்கள் யாவும் மாறிவிடும். ஒரே காயை இருமுறை படம்பிடித்தால் இருவேறு தொகை கிடைப்பது இதனாலேதான்.

கண்ணின் இயல்பு வேறு. சிவப்பு 200 உடைய புள்ளியையும் 201 உடைய புள்ளியையும் அருகருகே வைத்தால் நாம் அவற்றை வேறெனக் காண்பது அரிது. கணினிக்கோ அவை இரண்டும் முற்றிலும் வேறானவை. இரு நிறங்கள் எவ்வளவு விலகினால் கண் அவ்வேற்றுமையை உணரும் என்று அளந்து, 1942ஆம் ஆண்டிலே வெளியிட்டார் மக்கடம் என்னும் அறிஞர். அவ்வெல்லை எல்லா நிறத்துக்கும் ஒன்றாக இல்லை என்பதும் அவர் ஆய்வால் விளங்கிற்று. அதன்பின் கணினி அறிஞர்களும் ஒத்த நிறங்களைக் குழுவாக்கி எண்ணும் வழிகளை நாடினர். 1982இலே போல் ஹெக்பேர்ட் வெளியிட்ட ஆய்வுரை அவற்றுள் பெயர் பெற்றது. பல்லாயிரம் நிறம் கொண்ட படத்தை 256 நிறத்தாலே கண்ணுக்கு உறுத்தாமல் காட்டுவது எங்ஙனம் என்று அது கூறுகின்றது. குழுவை எத்துணைப் பெரிதாக வகுக்கிறோமோ அத்துணைக்கு நிறத்தொகை குறையும். உக்குவளைத் தோட்டக்காரரின் மூன்றும் இத்தகைய குழுக்கணக்கேயன்றி வேறன்று. இழையை எண்ணியோரும் ஆடையை எண்ணியோரும் மீண்டும் எதிரெதிரே நிற்கின்றனர்.

‘எத்தனை நிறமாயினும் ஆகுக, இதனால் ஆவதென்ன?’ என்று நேயர்கள் கேட்கலாம். அதற்கு விடை மாத்தளை மாவட்டத்திலேயே இருக்கின்றது. சீகிரியாக் குன்றம் இம்மாவட்டத்தைச் சேர்ந்தது. கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன் காலத்து மங்கையர் ஓவியங்கள் அக்குன்றின் குடைவிலே தீட்டப்பெற்றன. காவிச் சிவப்பு, காவி மஞ்சள், பச்சை மண் ஆகிய மூன்றே அவ்வோவியருக்கு முதன்மையான நிறப்பொருள்கள். அவற்றைக் காண வந்தோர் நூற்றாண்டு தோறும் அங்குள்ள பளிங்குச் சுவரிலே பாடல் கீறிச் சென்றனர். பொன்னிற மேனியரென அம்மங்கையரைப் புகழ்ந்தனர். அப்பாடல்களுள் 685ஐப் படித்துப் பேராசிரியர் பரணவிதான 1956இலே பதிப்பித்தார்.

1889இலே முறே என்னும் பொறியியலாளர் கடுமுயற்சியோடு அக்குடைவில் ஏறி ஓவியங்களைப் பிரதி செய்தார். தொல்பொருள் ஆய்வாளர் பெல் அவர்களின் கீழ்ப் பணியாற்றிய டி. ஏ. எல். பெரேரா 1896, 1897 ஆகிய ஆண்டுகளிலே நெய்வண்ணப் பிரதிகள் எழுதினார். ஆபத்தான உயரத்திலே இருந்துகொண்டு, ஒவ்வொரு நிறத்தையும் கண்ணாலே நிறுத்து, ஒத்த நிறத்தைக் குழைத்துத் தீட்டிய உழைப்பு அது. அதுவும் ஒருவகை நிறக் கணக்கெடுப்பே.

1967ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்து இரவொன்றிலே கயவர் சிலர் அக்குடைவினுட் புகுந்து, கடையில் விற்கும் வண்ணப்பூச்சை அவ்வோவியங்களின் மீது பூசினர். சிலவற்றைக் கொத்தியும் சிதைத்தனர். செய்தி கேட்டு நாடே துயருற்றது. இரசாயன அறிஞரும் தொல்பொருள் திணைக்களத்தவருமான ராஜா த சில்வாவும், இத்தாலியிலிருந்து வந்த லூசியானோ மரன்சி என்னும் வல்லுநரும் முயன்று, பதினைந்து நூற்றாண்டு கண்ட பழம்பூச்சு நீங்காதவாறு புதுப்பூச்சை மட்டும் நீக்கினர். எது காசியப்பன் காலத்து நிறம், எது கயவர் இட்ட நிறம் என்று பகுத்தறிய வேண்டிய அவ்வேளையில், நிறத்தின் கணக்கு வீண் விளையாட்டு அன்று என்பது விளங்கிற்று. முன்னே எழுதிவைத்த பிரதிகளும் நிழற்படங்களும் இல்லாதிருப்பின், சிதைந்த இடத்தில் இருந்தது யாதென யார் கூறவல்லார்?

கயவரின் செயல் ஓரிரவில் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால், ஈரமும் வெயிலும் தூசும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் திருடும் நிறத்தை எவர் காண்பார்? நாள்தோறும் காணும் கண்ணுக்கு மெல்லத் தேயும் நிறம் தேய்வதாகத் தோன்றுவதில்லை. இங்கே மனிதக் கண்ணின் பொறுமை ஒரு குறை. ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள வேற்றுமையைக் கூட விடாத கணினியின் பிடிவாதம் ஒரு நன்மை. இன்று எடுத்த படத்தையும் பத்து ஆண்டின் பின் எடுத்த படத்தையும் ஒப்பிட்டால், எந்தச் சிவப்பு எத்துணை மங்கிற்று என்று அது எண்ணாலே சொல்லும். ஆயின், இருமுறையும் ஒளியும் கருவியும் ஒத்திருத்தல் வேண்டும். இதற்காகவே 24 நிறக் கட்டங்கள் கொண்ட அளவு அட்டையொன்று 1976இலே வகுக்கப்பட்டது. படம்பிடிக்கும் பொருளின் அருகே அவ்வட்டையையும் வைத்துப் படம்பிடித்தால், பிறகு வருவோர் எண்களைச் சரிசெய்துகொள்ளலாம். பொல்கொல்லையிலிருந்து மலையைக் குடைந்து கொண்டுவந்த மகாவலி நீரால் உக்குவளை மின்னிலையம் இயங்கத் தொடங்கியதும் அதே ஆண்டிலேதான்.

ஹப்புவிடவின் நான்கு நிற அரக்கும், கோயிற் சுவரோவியமும், நம் வீட்டுப் பெட்டியிலே மடித்துக் கிடக்கும் பாட்டியின் கூறைச் சேலையும் இவ்வாறே மங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் நிறத்தை இன்றே பதிந்து வைக்கலாம். அதற்கு வேண்டிய கருவி பெரும்பாலோர் கையில் இருக்கின்றது. பதிந்து வைப்போர் ஒன்றை மறவாதிருத்தல் நன்று. எண்ணை எழுதும்போது, எவ்வொளியிலே, எக்கருவியாலே, எத்துணை நுணுக்கமாக எண்ணினோம் என்பதையும் உடன் எழுதுதல் வேண்டும். முறை கூறாத எண், ஊர் கூறாத முகவரி போன்றது.

இறுதியாக நம் சாதிக்காய்க்குத் திரும்புவோம். தோட்டக்காரர் மூன்று என்றது பொய்யன்று. காய் பழுத்ததை அறியவும், பத்திரியைப் பிரித்து உலர்த்தவும் அக்கணக்கே அவருக்குப் போதும். கணினி இலட்சம் என்றதும் பொய்யன்று. ஆயினும் அது காயைப் பற்றிய கணக்கன்று, அந்த வேளையில் எடுத்த அந்தப் படத்தைப் பற்றிய கணக்கு. வானொலியிலே நிறத்தைக் காட்ட இயலாது. பெயராலோ எண்ணாலோ சொல்லத்தான் இயலும். அடுத்த தலைமுறைக்கு நாம் விட்டுச் செல்வதும் பெரும்பாலும் அத்தகைய சொல்லும் எண்ணுமே. அவற்றைப் பிழையறச் சொல்லி வைப்போமாக.